பிடிக்கும் என்று எழுதப்பட்ட கை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தால், மழைக்கு ஒதுங்கினால், கணக்கப்பிள்ளைக்கு அன்றைக்கு மனசு சரியில்லாமல் போனால், அரைப் பேர். சாயந்தரம் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்புகிறவனைப் பார்த்து எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது, "பேரு போட்டாச்சா?" என்பதுதான். செக்ரோல் என்கிற அந்த நீளமான புத்தகத்தில் என் பெயருக்கு நேராக ஒரு கோடு விழுந்திருந்தால் அன்றைக்கு நான் இருந்தேன். அரைக்கோடு விழுந்திருந்தால் பாதி இருந்தேன். பேர் வெட்டுவது என்று இன்னொன்றும் உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். பேர் வெட்டியவனுக்கு வேலை இல்லை, வேலை இல்லாதவனுக்கு லயத்தில் குடியிருக்கிற அறையான காம்பரா இல்லை, காம்பரா இல்லாதவனுக்கு இந்த மலையில் நிற்க ஓர் இடமும் இல்லை. எல்லாம் ஒரே கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

என் வலது கை ரோலருக்குள் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி அண்ணாந்து பார்த்தால் மேட்டின்மேல் தகரக்கூரை மின்னும், அதுதான் எங்கள் ஸ்டோர். தேயிலை ஃபெக்டரியை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். வாடிய கொழுந்தைப் போட்டுத் தேய்க்கிற ரோலர்கள் அங்கே நான்கு. ஒவ்வொன்றும் ஒரு பெரிய மேசை, அதன்மேல் வட்டம் வட்டமாகச் சுற்றுகிற ஒரு பீப்பாய். மேசை ஓரத்தில் சிந்துகிற கொழுந்தைக் கையால் உள்ளே தள்ளிவிடுவது என் வேலையில் சேர்ந்ததா சேராததா என்று பிற்பாடு நிறையப் பேசினார்கள். நான் தள்ளினேன். எல்லாரும் தள்ளுவார்கள். அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும், பனி விலகி ஜன்னலில் வெயில் வந்திருந்தது, நான் வெயிலைப் பார்த்தேன். அவ்வளவுதான். பீப்பாய் என் கையை ஒரு பிடி கொழுந்தைப்போல எடுத்துக்கொண்டது. வலி அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அந்தப் பச்சை வாசனை, மிகக் கிட்டத்தில், என் உள்ளங்கைக்குள்ளிருந்தே கிளம்புவதுபோல. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஓடிவந்து பெல்ட்டைக் கழற்றிவிட்டார். அந்த ரோலரில் கிடந்த கொழுந்தை என்ன செய்தார்கள் என்று நான் இன்றுவரை யாரையும் கேட்கவில்லை.

சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரல் மூன்றும் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின, பாலம் உடைந்த ஆற்றின் இரண்டு கரைகள்போல. ஆஸ்பத்திரியிலிருந்து நான் திரும்பிய ஒரு வாரத்துக்குள் லயத்தில் பெயர் வைத்துவிட்டார்கள். நண்டுக்கை. முகத்துக்கு நேரே சொல்லமாட்டார்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும்.

என் மனைவி அப்போது ஐந்து மாதம். கந்தப்பளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து எனக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அவளுக்கு எங்கள் தோட்டத்துச் செக்ரோலில் இன்னும் பேர் பதியவில்லை. கைக்காசுக்குத்தான் கொழுந்தெடுத்தாள், கூப்பிட்ட நாளில் வேலை, கூப்பிடாத நாளில் இல்லை. ஆகவே எங்கள் காம்பராவைத் தாங்கிக்கொண்டிருந்தது என் பேர் ஒன்றுதான். அது வெட்டப்படவில்லை. நேராகக் கோடும் விழவில்லை. வெறும் பெயர், பக்கத்தில் காலிக் கட்டங்கள். நான் ஒரு தடவை கணக்கப்பிள்ளையின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்திருக்கிறேன். மேலேயும் கீழேயும் எல்லாருடைய கோடுகளும் வேலி மாதிரி வரிசையாக நின்றன. என் வரியில் மட்டும் வேலி பிரிந்து கிடந்தது.

"விசாரணை முடியட்டும்" என்றார் டீமேக்கர். "கவர்மெண்டு பேப்பர் வரட்டும். அதுல வேலைக்கு ஆகாதுன்னு இருந்தா தொரை பேரை வெட்டிருவாரு. நான் ஒண்ணும் பண்ண ஏலாது."

விசாரணை என்றால் நட்ட ஈட்டு விசாரணை. வேலை செய்யும் இடத்தில் அடிபட்ட ஆளுக்கு முதலாளி ஈடு கட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. எங்கள் தோட்டத்து யூனியன் தலைவர் அதன் பகுதிகளைத் தமிழில் டைப் அடிக்க வைத்துச் சுருட்டி, குடையோடு குடையாகக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரிவார். ஐம்பது வயது மனிதர், தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்தே கை காய்த்தவர், சொற்களையும் கவ்வாத்துப் பண்ணுவதுபோலத்தான் வெட்டி வெட்டிப் பேசுவார். எங்கள் காம்பராவுக்கு முன்னால் இஸ்தோப்பில் உட்கார்ந்து அந்தத் தாள்களை அவர் விரித்தபோது நான் குனிந்து படித்தேன். ஒரு பட்டியல். கண் ஒன்று போனால், கால் முழங்காலுக்கு மேலே போனால், கட்டைவிரல் போனால், விரலின் ஒரு கணு போனால். மனித உடம்பை இத்தனை துண்டாக யாரோ ஒரு மேசையில் உட்கார்ந்து நினைத்துப் பார்த்திருக்கிறார்கள். போனதற்கெல்லாம் அதில் இடம் இருந்தது. நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்னடா தேடுற?"

"மிச்சம் இருக்குற கைக்கு ஏத்த வேலை குடுக்கணும்னு ஏதாச்சும் வரி இருக்கா தலைவரே?"

அவர் சிரித்தார். "மிச்சமா? மிச்சத்தப் பத்தி எவன் எழுதுவான்? அப்பிடி ஒரு வரி எழுதணும்னா சட்டம் எழுதுற எடத்துல நம்மாளு இருக்கணும். ஓட்டு இருந்தப்ப அனுப்பினோம். சுதந்திரம் வந்ததும் தோட்டத்து ஆளுக ஓட்டத்தான் புடுங்கிட்டாங்களே. இப்ப இருக்கிறத வச்சு அடிக்கணும்."

இருக்கிறதை வைத்து அடிப்பது எப்படி என்றும் அவரே சொன்னார். கை எவ்வளவுக்கு உதவாதோ அவ்வளவுக்கு ஈடு. அதனால் விசாரணையில் அந்தக் கை ஒன்றுக்கும் உதவாது என்று தெரிய வேண்டும். "உள்ள போனதும் கைய மடியில போட்டுக்க. செத்த பாம்பு மாதிரி கெடக்கட்டும். எதையும் தொடாத. புடிக்காத. தண்ணி குடுத்தா, பேப்பர் குடுத்தா, எல்லாம் எடது கை. வெளங்குச்சா?"

"அதிகாரிகிட்டயா? பீச்சாங்கையாலயா?"

"பின்ன? ஒனக்கு இருக்கிறது அது ஒண்ணுதான்னு அவரு பாக்கணும்ல!"

மறுநாள் ஸ்டோர் வாசலில் டீமேக்கர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். நல்ல மனிதர், என் விரல்களுக்காக அவருக்கும் தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் தொரையிடம் பேச்சு விழுந்திருந்தது. "தொரை ரவுண்டு வர்றப்ப அந்தக் கையால எதையாச்சும் தூக்கிக் காட்டு. கூடையோ வாளியோ. சும்மா தொங்கப் போட்டுக்கிட்டு நிக்காத. ஆகாத ஆளுன்னு அவரு கண்ணுல பட்டுட்டா முடிஞ்சுது."

இப்படி எனக்கு இரண்டு உத்தரவு. ஒரே கை விசாரணை நடக்கும் ஹட்டனில் செத்துக் கிடக்க வேண்டும், தோட்டத்தில் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டும் உண்மையாக இருக்க முடியாது, ஆனால் இரண்டில் ஒன்றுகூட முழுப்பொய்யும் இல்லை. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் ஒரு துணியைப் பிடித்து உதற முடிந்தது. உதறினால் தோள்வரை தீப்பிடித்தது. இதை உதவும் என்பதா, உதவாது என்பதா?

வீட்டில் ஒத்திகை பார்த்தோம். மனைவி அதிகாரியாக வாசலில் நின்றாள், நான் எழுந்து போய் இடது கையை நீட்ட வேண்டும். நீட்டினேன். என் கை பாதிவழியில் நின்றுவிட்டது. பிறந்ததிலிருந்து யாரும் எனக்கு இடது கையால் எதையும் கொடுத்ததில்லை, நான் யாரிடமும் வாங்கியதில்லை. கோயிலில் திருநீறு, கடையில் மிச்சச் சில்லறை, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் நிறைத் துண்டு, எல்லாம் வலது கை. பெரியவர்களிடமென்றால் வலது கையை நீட்டி, இடது கையால் அந்த முழங்கையைத் தொட்டுக்கொண்டு, இடுப்பில் கொஞ்சம் வளைந்து. எப்போது பழகினேன் என்று தெரியாது. நடக்கப் பழகியதுபோலத்தான்.

"எனக்கே குடுக்க வரமாட்டேங்குது" என்றேன்.

"காலையில ஒரு கை, சாயந்தரம் ஒரு கை" என்றாள் அவள். "பொங்கலுக்குப் போடுற கூத்துல சேத்துக்குவாங்க ஒங்கள. ராசா வேசம் ஒண்ணு, பிச்சைக்கார வேசம் ஒண்ணு." சிரித்தாள். சிரித்துக்கொண்டே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு எங்கே முடிந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரம் முழுக்கத் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நடக்கும்போது செடிகள் எல்லாம் கை நீட்டுகிற மாதிரி இருந்தது. கவ்வாத்து முடிந்த மலை வேறு, குச்சி குச்சியாக, விரல் வெட்டின கைகள் ஆயிரம். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நடந்தேன்.

விசாரணை நாளன்று தலைவரும் நானும் றொசல்லயில் ரயிலேறினோம். கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து, ஹட்டன் டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில் உட்கார்ந்து, காத்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார் என்று சொன்னார்கள். ரயில் பெட்டியில் தலைவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்: மடியில கெடக்கட்டும், மடியில கெடக்கட்டும். எதிரே இருந்த ஒரு சிங்களக் கிழவர் என் துணி சுற்றிய கையைப் பார்த்து "அனே, பவ்" என்று இரக்கப்பட்டு, வெற்றிலை நீட்டினார். நான் மடியிலிருந்த கையை எடுக்கவில்லை. இடது கையையும் நீட்டவில்லை. தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். "அதான், அப்பிடித்தான்" என்று தலைவர் காதருகில் மெச்சினார். எனக்கு அந்தக் கிழவரின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி நாங்கள் பயந்த மாதிரி இல்லை. கண்ணாடி போட்ட, இளைத்த, சளி பிடித்த மனிதர். மேசையில் ஃபைல்கள், ஒரு மூக்குத்துடைக்கும் லேஞ்சி. பக்கத்தில் தமிழ் தெரிந்த ஒரு கிளாக்கர். என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். தொரைமார் முன்னால் உட்கார்ந்து பழக்கமில்லாத நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தேன். கை மடியில் கிடந்தது. என்ன வேலை, எத்தனை மணி, யார் தள்ளச் சொன்னது, கேள்விகள் எல்லாம் கிளாக்கர் வழியாக வந்தன, பதில்கள் அவர் வழியாகவே போயின. தோட்டத்துக்காகப் பேச வந்த ஆள் ஒன்றிரண்டு சொன்னார். தலைவர் எழுந்து, கை முழுக்கப் போய்விட்டது, சாப்பிடக்கூட மனைவிதான் ஊட்டிவிடுகிறாள் என்றார். அது பொய். நான் குனிந்துகொண்டேன். அதிகாரி துணியை அவிழ்க்கச் சொல்லிப் பார்த்தார், எழுதினார், மூக்கைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. கை செத்த பாம்பாகவே கிடந்தது.

முடிவில் அதிகாரி என் வாக்குமூலத்தை எழுதிய தாளை எடுத்து, எழுந்து நின்று, அதை என்னிடம் நீட்டினார். விரல் அடையாளம் வைக்கத்தான். மேசையில் தள்ளிவிட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன். கிளாக்கரிடம் கொடுத்திருந்தாலும் தப்பித்திருப்பேன். ஒரு பெரிய மனிதர் எனக்காக எழுந்து நின்று நீட்டினார். நான் எழுந்துவிட்டேன். இடுப்பு வளைந்தது. இடது கை போய் வலது முழங்கையைத் தொட்டது. வலது கை நீண்டது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் சேர்ந்து தாளை வாங்கிக்கொண்டன.

தாள் நின்றது. விழவில்லை.

நான் அதைப் பார்த்தேன். தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி அந்த இரண்டு விரல்களையும் தாளையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிளாக்கரிடம் சிங்களத்தில் மெல்லச் சொன்னார்: "அல்லன்ன புளுவன்." பிடிக்க முடியும். எங்களுக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை, கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது, ஒரு நோயாளி எழுந்து நடந்ததைப் பார்த்த டாக்டர்போல. உட்கார்ந்து அதையும் எழுதிக்கொண்டார்.

தெருவுக்கு வந்ததும் தலைவர் குடையைத் தரையில் குத்தினார். "மரியாதை! பெரிய மரியாதை! ஒன்னய யாரு எந்திரிக்கச் சொன்னது?"

"தானா எந்திரிச்சிட்டேண்ணே."

"தானா! பாம்பு செத்துக் கெடன்னா படம் எடுத்து ஆடுது!"

எனக்கு அழுகை வந்தது. அவருக்கும் வந்திருக்க வேண்டும்; பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தெரிந்த ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். பருத்த மனிதர் அந்த நானா. தோட்டத்து ஆட்களுக்கு நல்லதும் கெட்டதும் அந்தக் கடையில்தான். கதையை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு என் முன்னால் கோப்பையை வைத்தார், கையில் கொடுக்கவில்லை. அந்தக் கவனம் எனக்குப் புரிந்தது.

"பேர் வெட்டிட்டா ஒரு யாவாரம் பாக்கலாமேண்ணு நெனைச்சேன் நானா" என்றேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது யோசித்து வைத்திருந்த யோசனை அது. "றொசல்ல ஸ்டேஷன்ல ஒரு கேத்தல் வச்சு, ரயில் நிக்கிறப்ப தேத்தண்ணி குடுக்கிறது. லைசன்சு கெடைக்குமா?"

"லைசன்சு கெடக்கு விடு தம்பி. கோப்பைய எந்தக் கையால குடுப்ப?"

நான் வலது கையை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

"பீச்சாங்கையால குடுத்தா ஒங்காளுக வாங்க மாட்டாங்க. எங்காளுகளும் வாங்க மாட்டாங்க."

"சிங்களவங்க?" என்றார் தலைவர்.

"அவங்க மட்டும் வாங்குவாங்களா? இந்த ஒரு விசயத்துல நாம மூணு பேரும் ஒத்துமை." நானா தன் தாடியைத் தடவிக்கொண்டார். "தொரைமாரு வாங்குவாங்க. அவங்களுக்கு எந்தக் கையும் கைதான். தொரைமாருக்குத் தேத்தண்ணி விக்கிறியா?"

மூன்று பேரும் சிரித்தோம். கடையில் இருந்த மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம். கோப்பையை நான் இடது கையால் எடுத்துக் குடித்தேன், யாரும் பார்க்காதபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு.

அதன்பிறகு காத்திருப்பு. ஒரு பேப்பர் கொழும்பிலிருந்து இந்த மலைக்கு வர எத்தனை நாளாகும்? தபால்காரன் தோட்டத்து ஆபீஸுக்கு ஏறுகிற குறுக்குப்பாதை எங்கள் லயத்திலிருந்து தெரியும். அவன் பை கனத்திருக்கிறதா, இளைத்திருக்கிறதா என்று பார்ப்பேன். ஈடு குறைந்துவிடும், அது தெரிந்துவிட்டது. அதைப் பற்றி நான் கவலைப்படுவதை நிறுத்திவிட்டேன். பேர் என்ன ஆகும்? கை பிடிக்கும் என்று எழுதியது எனக்கு நல்லதா கெட்டதா என்று தலைவரிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "தெரியாதத ஏண்டா நோண்டுற?" என்றார். நான் நோண்டிக்கொண்டே இருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. மனைவிக்குக் கைக்காசு வேலையும் நின்றது. பக்கத்துக் காம்பராவுக்கு யாரோ புதுக்குடும்பம் வந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பேச்சு. பார்த்தது பக்கத்துக் காம்பராவையா, எங்களுடையதையா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டு முடிந்தபிறகு ஆபீஸுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. தலைவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டீமேக்கர் அங்கே ஏற்கெனவே நின்றார். தொரை மேசைக்குப் பின்னால் அந்தப் பேப்பரை வைத்துக்கொண்டு இருந்தார்.

"கை புடிக்கும்" என்றார், தோட்டத்தில் பொறுக்கிய அவருடைய தமிழில். "கவர்மெண்டு சொல்லுது. நல்லது. நாளைக்கு ரோலர் போ."

வேலைக்கு ஆகாது என்று சொல்லியிருந்தால் பேர் போயிருக்கும். பிடிக்கும் என்றதால் பேர் நின்றது, ஆனால் அதே பீப்பாய்க்குப் பக்கத்தில். அந்தப் பச்சை வாசனை எனக்கு அங்கேயே, அந்த ஆபீஸில், மூக்கில் ஏறியது. இந்தக் கையை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கொழுந்து தள்ளுவேன்? இரண்டு விரல் இழுபட்டால் இந்தத் தடவை எதுவரை போகும்?

தலைவர் தொண்டையைச் செருமினார். தன் சுருட்டிய தாள்களை அவர் அவிழ்க்கவே இல்லை. "தொரை, பேப்பர்ல கை புடிக்கும்னு இருக்குங்க. ரோலர்ல புடிக்கும்னு இல்லைங்க."

தொரை பேப்பரை மறுபடி பார்த்தார். இல்லைதான்.

"கொழுந்து வாட்டுற மாடியில ஒரு ஆள் கொறையுதுங்க" என்றார் டீமேக்கர், சுவரைப் பார்த்துக்கொண்டு, யாருக்கும் சொல்லாததுபோல. மாடியில் சாக்குத் தட்டுகளில் பச்சைக் கொழுந்தை மெல்லிசாகப் பரப்ப வேண்டும், அள்ள வேண்டும். சுற்றுகிற எதுவும் அங்கே இல்லை.

"மாடி சரி. அரைப் பேர்."

"அது எப்பிடிங்க?" தலைவரின் குரல் இப்போது கத்தி பிடித்த குரலாகிவிட்டது. "புடிக்காதுன்னு சொன்னது நாங்க. புடிக்கும்னு சொன்னது கவர்மெண்டு. புடிக்குதுன்னுதானே ஈட்டக் கொறைச்சாங்க? அங்க முழுக்கை, இங்க அரைக்கையா?"

தொரை சிரித்தாரா, கோபப்பட்டாரா, எனக்குத் தெரியவில்லை; அந்த முகங்களை எங்களுக்குப் படிக்க வராது. பேப்பரை எடுத்து என் பக்கம் நீட்டினார். இடது கையால். நானாவின் கடைச் சிரிப்பு எனக்கு ஒரு கணம் ஞாபகம் வந்து போனது. "காட்டு" என்றார்.

வலது கையை நீட்டினேன். இந்தத் தடவை தெரிந்தே நீட்டினேன். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்தேன். வாங்கினேன். தொரை திரும்பி வேறு ஏதோ காகிதத்தில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். எவ்வளவு நேரம் என்று யாரும் சொல்லவில்லை. நடு இல்லாத உள்ளங்கையில் வலி எழும்பி மணிக்கட்டுக்கு வந்தது, முழங்கைக்கு வந்தது. திறந்த ஜன்னலில் காற்று வந்து தாளின் ஓரத்தைத் தூக்கியது. விழுந்துவிடும் என்று நினைத்தேன். என் பெயர், காம்பரா, அவள் வயிற்றிலிருக்கும் அது, எல்லாம் அந்தத் தாளின் மேலே ஏறி நின்றுகொண்டிருப்பதுபோலக் கனத்தது. தாள் நடுங்கியது. டீமேக்கர் ஜன்னலருகே சாவகாசமாகப் போய் நின்றார், காற்று நின்றது. அதற்காகத்தான் போனாரா என்று அவரையும் நான் கேட்டதில்லை.

தொரை நிமிர்ந்தார். தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"சரி. ஒரு பேர்."

மறுநாள் சாயந்தரம் மாடியிலிருந்து இறங்கிச் செக்ரோல் போடுகிற இடத்துக்குப் போய் நின்றேன். கணக்கப்பிள்ளை என் வரியில் கோடு போட்டார். "முழுப்பேருங்களா ஐயா?" என்றேன். "முழுப்பேருதான்டா. போ, போ" என்றார். நான் போகவில்லை. மை காயும்வரை நின்றேன்.

அந்தக் கோடு விழுந்து பத்து வருடத்துக்கு மேலாகிறது. பிள்ளை பிறந்து பள்ளிக்கூடம் போகிறாள். மனைவிக்கும் பேர் பதிந்தது. நான் இடது கையால் எழுதக் கற்றுக்கொண்டேன், இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், எழுத்துகள் எல்லாம் காற்றடிக்கிற பக்கம் சாய்கின்றன. எழுத வந்ததிலிருந்து அடிக்கடி எழுதிப் பார்ப்பது அந்தச் சட்டத்தில் இல்லாத ஒரு வரியைத்தான். 'ஒருவரிடம் மிஞ்சியிருக்கும் திறனுக்கேற்ற வேலை தரப்பட வேண்டும்.' அடித்துவிடுவேன். 'தரப்பட வேண்டும்' என்றால் தருகிறவன் யார்? 'தோட்டம் தர வேண்டும்' என்று எழுதுவேன். தராவிட்டால்? அதற்கொரு வரி வேண்டும். கடை வைக்க நினைக்கிறவனுக்கு ஒரு வரி. அவன் எந்தக் கையால் நீட்டினாலும் வாங்க வேண்டும் என்று ஒரு வரி, அதைச் சட்டமாக எழுத முடியுமா என்று தெரியவில்லை. தாள் நிறைந்துவிடும். சட்டம் முடியாது. நாங்கள் இந்தியாவா இலங்கையா, எந்த நாட்டவர் என்று முடிவு பண்ண இன்னும் சில பேப்பர்கள் வேறு இப்போது வந்துகொண்டிருக்கின்றன. அவற்றையும் யாரோ நீட்டுவார்கள், நானும் எழுந்து நின்றுதான் வாங்குவேன்.

ஆனால் சொல்ல வந்தது அதுவல்ல. கை பிடிக்கும் என்று எழுதிய பேப்பர் இன்னும் ஆபீஸில் இருக்கிறது. என் முழுப்பேர் அந்த ஒரு சொல்லின்மேல் நிற்கிறது. தொரை மாறிவிட்டார், டீமேக்கர் மாறிவிட்டார். புதிதாக வருகிற எவரும் ஒரு நாள் ஃபைலைப் புரட்டி, காட்டு என்று சொல்லலாம். குளிர்காலத்தில் சுண்டுவிரல் மரத்துப்போகிறது. போன வருடத்தைவிட இந்த வருடம் அதிகம். ஆகவே தினமும் விடிகாலையில், பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு அடிப்பதற்கு முன்னால், பழைய பேப்பர் துண்டு ஒன்றை எடுத்து, வலது கையை நீட்டி, இரண்டு விரலுக்கிடையில் வைத்துப் பார்ப்பேன். நூறு எண்ணுவேன். சில நாள் ஐம்பதிலேயே நடுங்கும். மறுபடி முதலிலிருந்து எண்ணுவேன்.

அடுப்பருகில் ரொட்டி தட்டிக்கொண்டிருப்பவள் திரும்பிப் பார்ப்பாள். எத்தனையாவது தடவை எண்ணுகிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

"புடிக்குதுங்க" என்பாள். "புடிக்குது. போங்க, பெரட்டுக்கு நேரமாச்சு."